கண்ணுக்குத் தெரியாத அளவு

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் மசால் வடை வாங்குவதாக இருந்தால் முதல் ஈட்டை வாங்காதீர்கள் மேடம். எண்ணெய் அப்போதுதான் காய்ந்துகொண்டிருக்கும், உள்ளே மாவு வேகாது. இரண்டாம் ஈடு வரும்வரை நின்று வாங்க வேண்டும். என் பரிசோதனைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அப்படி நின்று வாங்கிய வடையைத்தான் கொடுத்தேன். இதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னதற்கு உங்கள் ஏட்டு சிரித்துவிட்டார். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. அவர் தட்டச்சு செய்ததில் பிழைகள் நிறைய இருந்தன. பிழையைப் பார்ப்பதுதான் என் தொழில், பார்த்துவிட்டுச் சும்மா இருக்க வராது.

என் பெயர் தமிழரசன். சொந்த ஊர் சாலவாக்கம். ஏரித் தண்ணீரில் நெல் வைக்கும் குடும்பம். பொறியியல் படித்துவிட்டுப் பெங்களூரில் சில வருடங்கள் படங்களைச் சுருக்கும் வேலையில் இருந்தேன். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார் என்று ஊருக்கே வந்துவிட்டேன். வந்த இடத்தில் எனக்கென்றே செய்து வைத்ததுபோல் ஒரு வேலை கிடைத்தது. காசநோய் இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய் மார்புக்கு எக்ஸ்ரே எடுக்கும் வண்டி ஒன்றை ஓர் அறக்கட்டளை ஓட்டிக்கொண்டிருந்தது. வண்டி ஓட்டுபவர் முத்துவேல். படம் எடுப்பது சோபியா. எடுத்த படத்தைச் சென்னையில் இருக்கும் டாக்டர் தேவயானிக்கு அனுப்பி, அவர் பார்த்து எழுதும் முடிவை வாங்கி வைப்பது நான்.

நல்ல வேலை. ஆனால் ஒரு தொல்லை இருந்தது. தாமல் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினால் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். மழை தூறினால் அதுவும் போய்விடும். எக்ஸ்ரே என்பது கனமான படம். அது சென்னைக்குப் போய்ச் சேர்வதற்குள் படத்தில் இருக்கும் ஆள் கரும்பு வெட்ட வெளியூர் போய்விடுவார். முடிவு வரும், ஆள் இருக்க மாட்டார். முத்துவேல் முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை கொடுப்பவரைப் போல வீடு வீடாக அலைவார். படத்தைச் சுருக்கி அனுப்பினால் தீர்ந்தது. அதற்குத்தான் என்னை எடுத்தார்கள்.

படத்தைச் சுருக்குவது என்றால் துணியை மடித்து வைப்பதுபோல என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொஞ்சத்தை எடுத்து எறிய வேண்டும். எதை எறிந்தால் யாருக்கும் தெரியாது என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் பயன்படுத்திய முறைக்கு வேவ்லெட் என்று பெயர், குட்டி அலை என்று அர்த்தம். ஒரு படத்தை முதலில் பெரிய பெரிய உருவங்களாகவும், அடுத்து அவற்றின் ஓரங்களாகவும், கடைசியில் பொடிப்பொடிச் சங்கதிகளாகவும் அடுக்கடுக்காகப் பிரிக்கும். ஏரி ஓர் அடுக்கு. கரை இன்னோர் அடுக்கு. கரையில் நிற்கும் நாரையின் கால் கடைசி அடுக்கு. இடம் போதாதபோது கடைசி அடுக்கிலிருந்து எறிய ஆரம்பிக்கலாம். நாரை கொஞ்சம் மங்கும், ஏரி அப்படியே இருக்கும். எவ்வளவு எறிவது என்பதற்குக் கணினியில் ஒரே ஓர் எண். அதை நான் திருகு என்பேன். இறுக்கினால் படம் சிறுத்துவிடும், தளர்த்தினால் பெருக்கும்.

பழைய முறையில் அளவுக்கு மீறி எறிந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். வேவ்லெட்டில் அந்த அசிங்கம் இல்லை. பலமுறை துவைத்த சேலையைப்போல் படம் மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். கூர்மையான ஓரங்களுக்குப் பக்கத்தில் லேசாக ஒரு நெளிவு வரும். அந்த நெளிவு வெறும் வானத்தில் விழுந்தால் கண் சட்டென்று பிடித்துவிடும். நாற்றங்காலில் விழுந்தால் பிடிக்காது, அங்கே ஏற்கெனவே ஆயிரம் கோடுகள் இருக்கின்றன. இதையெல்லாம் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மனிதக் கண் எதை விட்டுவிடும் என்பதைவிடச் சுவாரசியமான கேள்வி வேறு எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

அறக்கட்டளையில் முறையாக ஒரு பரிசோதனை செய்து பார்க்கச் சொன்னார்கள். பெரிய தெருவில் சேட்டுவின் உரக்கடைக்கு மேல் ஓர் அறையை எடுத்தேன். ஜன்னலுக்குக் கனத்த திரை. நல்ல கணினித் திரை. ஒரு நாற்காலி, அதைத் தரையோடு ஆணி அடித்து வைத்தேன், ஏனென்றால் எல்லாரும் இழுத்துக்கொண்டு முன்னால் போகிறார்கள். ஏரி, கோபுரம், வந்தவர்களின் முகம் என்று ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக வரும். ஒன்று முழுப் படம், ஒன்று சுருக்கியது. எது கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நாட்கள் திருவிழாப்போல இருந்தன. ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் வந்தார்கள். ஒருவர் எந்தப் படத்தைக் காட்டினாலும் இடதுபக்கம் என்றே சொன்னார். விசாரித்தால், இடதுபக்கம்தான் மின்விசிறிக் காற்று வருகிறது, அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன் என்றார். சேட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, சுருக்கிய படத்தில் தன் முகம் பளபளப்பாக இருப்பதாகவும் அதையே பிரேம் போட்டுத் தரும்படியும் கேட்டார். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. லேசான மங்கலைப் பலர் அழகு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

செங்கேணி அக்காவும் அப்போது வந்தார். எங்கள் நிலத்தில் நடவு நடுபவர். எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் அக்கா என்பேன். அதையும் எழுதிவிடுகிறேன். மகள் அம்முலுவைக் கூடவே அழைத்து வந்திருந்தார். வந்தவர்களின் சொந்தக்காரர்களையும் படம் எடுத்துப் பரிசோதனையில் கலந்து காட்டுவது என் வழக்கம். ஏரி வந்தது, கோபுரம் வந்தது, நாற்று வந்தது. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே ரெண்டும் ஒண்ணுதான் என்றார். அம்முலுவின் படம் வந்ததும் சிரிப்பு நின்றது.

“இன்னா தம்பி இது? எம் பொண்ணுக்குத் தாடையில அம்மை வடு ஒண்ணு கீது. இந்தப் படத்துல அத்த எங்க தொட்ச்சிப் போட்ட?”

திருகை அப்போது கொஞ்சம்தான் இறுக்கியிருந்தேன். வேறு யாருமே அந்த வடுவைக் கவனிக்கவில்லை. அம்முலுவே கவனிக்கவில்லை. நான் பாராட்டி இன்னொரு வடை கொடுத்தேன். ஆனால் அவருடைய பதில்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். பிரியத்தோடு பார்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டால் உலகத்தில் எந்தப் படத்தையும் சுருக்க முடியாது. எந்த ஆராய்ச்சியாளரும் அதைத்தான் செய்திருப்பார்.

முடிவுகளைக் காஞ்சிபுரத்தில் ஒரு கூட்டத்தில் வாசித்தேன். டாக்டர் தேவயானி வந்திருந்தார். நல்ல மனுஷி, கலகலப்பாகப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“தமிழ், வடை சாப்பிட்டுக்கிட்டு ஏரியப் பாக்கறவங்க கண்ணும் என் கண்ணும் ஒண்ணா? நுரையீரல்ல ஒரு புள்ளி காணாமப் போனாக்கூட எனக்குத் தெரிஞ்சிடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனம் புண்பட்டதாக நீங்கள் ஒரு காரணம் எழுதப் பார்க்கிறீர்கள் மேடம், தயவுசெய்து வேண்டாம். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தெரிந்துவிடும் என்கிறார். சரி, எந்தத் திருகில் தெரியும்? இதற்கு ஒரு பதில் இருக்கத்தானே வேண்டும்.

அவரை என் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் பதில் கிடைக்காது. அதிகாரி வருகிறார் என்று தெரிந்த நாளில் ரேஷன் கடைத் தராசு எவ்வளவு சரியாக நிற்கிறது பாருங்கள், அப்படித்தான். பரிசோதனை என்று தெரிந்தவர்கள் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குப் பார்ப்பார்கள். தினசரி பார்க்கிற கண் அது இல்லை. தினசரிக் கண் வேண்டுமென்றால் பார்ப்பவருக்குத் தெரியாமல் பார்க்க வைக்க வேண்டும். இந்த இடத்துக்கு வந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது.

டாக்டரும் அறக்கட்டளையும் ஒப்புக்கொண்ட அளவு ஒன்று இருந்தது. மிக லேசான அளவு. அதிலிருந்து ஒரு சுற்று இறுக்கினேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் மன்னிப்புக் கேட்டுத் தளர்த்திவிட்டு, இந்தத் திருகில் தெரிந்தது என்று குறித்துக்கொண்டு முடித்திருப்பேன். அவர் கூப்பிடவில்லை. இன்னொரு சுற்று. அப்போதும் இல்லை. சில வாரங்கள் கழித்து அவரே கூப்பிட்டார். இப்பல்லாம் படம் ரொம்பச் சுத்தமா வருதே, என்ன பண்ணீங்க என்று கேட்டார். அன்று வண்டியில் எல்லாருக்கும் மிக்சரும் ஜாங்கிரியும் வாங்கினேன். சோபியா என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, டாக்டர் பாராட்டினார் என்றேன். பொய் சொல்லவில்லை.

நடைமுறையில் பார்த்தால் எல்லாருக்கும் நன்மைதான். படங்கள் நொடியில் போயின. வண்டி ஊரை விட்டுக் கிளம்பும் முன்னே முடிவு வந்தது. முத்துவேல் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடினார். வேறு மாவட்டத்திலிருந்து எங்கள் வண்டியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு நான்தான் விளக்கிக் காட்டினேன். என்னை ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள்.

சுருக்காத படங்களை ஹார்ட் டிஸ்க் வட்டு ஒன்றில் தனியாகச் சேமித்துவந்தேன். அது இல்லாமல் எதோடு ஒப்பிடுவது? சாயங்காலம் வேலை முடிந்ததும் உரக்கடை மாடியில் அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்துகொள்வேன். முழுப் படம் ஒரு பக்கம், டாக்டருக்குப் போன படம் மறுபக்கம், கீழே அவர் எழுதிய முடிவு. டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அவர் முன்பு எழுதிய முடிவுகளை வைத்தே எக்ஸ்ரே பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆரம்ப நிலைக் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில், கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே உட்காரும். அங்கே எலும்பும் விலாவும் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. ஒரு நாற்றங்கால் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மங்கலான பொடிப்புள்ளிகள் அங்கே கரைந்தால் கண் தேடாது.

சாலவாக்கம் முகாமில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. முழுப் படத்தில் வலதுபக்க எலும்புக்கு அடியில் அரிசி நொய்யைத் தூவியதுபோல் ஒரு நிழல். அனுப்பிய படத்தில் அந்த இடம் மெத்தென்று, சுத்தமாக இருந்தது. கீழே டாக்டரின் முடிவு: நார்மல். பெயரைப் பார்த்தேன். செங்கேணி, கணவர் எல்லப்பன்.

அன்று சாலவாக்கம் வரை விசில் அடித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். எல்லையை முதன்முறையாகத் தொட்டுவிட்டேன். எத்தனையோ பேர் கட்டுரைகளில் ஊகமாக மட்டும் எழுதியிருந்த இடம் அது.

உடனே ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். ஒரே பதில்தான். சொல்லியிருந்தால் டாக்டர் உஷாராகியிருப்பார். அதற்குப் பிறகு அவர் பார்ப்பது தினசரிக் கண்ணால் இருக்காது, அதுவரை செய்ததெல்லாம் வீண். ஒருமுறை தவறவிட்டது தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் எல்லைக்கு மேலும் கீழும் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு முகாமுக்கு இறுக்குவேன், அடுத்த முகாமுக்குத் தளர்த்துவேன். தளர்ந்த நாளில் கண்டுபிடிக்கிறார், இறுகிய நாளில் விடுகிறார் என்று தெரிந்தால்தான் நிரூபணம். புள்ளலூர்க்காரர்களுக்கு நல்ல நேரம், அவர்கள் முறை வந்தபோது திருகு தளர்ந்திருந்தது. அங்கே இரண்டு பேரைச் சரியாகக் கண்டுபிடித்தார், மருந்து சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள். தாமலுக்கு இறுகிய முறை. யார் எந்தப் பக்கம் விழுவது என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. முகாம்கள் எந்த வரிசையில் வந்தனவோ அந்த வரிசைதான். பாரபட்சம் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

செங்கேணி அக்காவை நான் அப்படியே விட்டுவிடவும் இல்லை. இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தேன். தினம் முட்டை சாப்பிடச் சொல்லி நானே வாங்கி அனுப்பினேன். நடவுக்குக் குனிய வேண்டாம், களத்தில் நெல் கிளறும் வேலை கொடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவரை வீட்டுக்குள் விட வேண்டாம், குடிக்கிற டம்ளரைத் தனியாக வையுங்கள் என்றும் சொன்னேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

ஒருநாள் களத்துமேட்டில் அவரைப் பார்த்தேன். அம்முலுவின் குழந்தை இடுப்பில் இருந்தது. பாட்டியின் தோளில் வாயை வைத்துச் சப்பிக்கொண்டு கால் ஆட்டிக்கொண்டிருந்தது. அக்கா இளைத்திருந்தார். இருமல் வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார், நின்றதும் பழையபடி சிரிப்பார். எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

“ராவெல்லாம் இருமிக்கினே கீறேன் தம்பி. பரவால்ல. டாக்டரம்மா ஒண்ணுமில்லன்னு எய்திட்டாங்க. உன் மெசினுல எட்த்த படந்தானே, அப்புறம் இன்னா பயம்?”

முகாமில் நல்ல சேதி கிடைத்ததை எவ்வளவு நம்பிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் வந்தேன். குழந்தை என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. துறுதுறுவென்ற குழந்தை.

ஐப்பசி மழையில் ரத்தமாக வாந்தி எடுத்தார். எல்லப்பன் ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சோபியாவும் கூடப் போனார், இருவர் வீடும் எதிரெதிர் வீடு. சில நாட்கள் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். அடக்கத்துக்கு நான் போனேன். எங்கள் தெருவிலிருந்து போனது நான் ஒருவன்தான். பெரிய ரோஜா மாலையாக வாங்கிப்போனேன். எல்லப்பன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீ குட்த்த முட்டையத்தான் தம்பி கடசியா துன்னுச்சு. வேற எதுவும் உள்ள எறங்கல.”

நான் கல் இல்லை. அன்று சாயங்காலம் படங்களைப் பார்க்காமல் சீக்கிரமாகவே வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுவாரம் காலையில் சோபியா மாடிக்கு வந்தார். அவர் அதிகம் பேசாதவர். கைப்பேசியில் மூன்று படங்களைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் எடுத்தது ஒன்று, நுரையீரல் பாதி வெளுத்திருந்தது. வண்டியில் இருக்கும் கருவியில் பழைய படம் சில மாதங்களுக்கு அழியாமல் இருக்கும், அதிலிருந்து எடுத்தது ஒன்று. டாக்டரிடம் கேட்டு வாங்கியது ஒன்று.

“நான் எடுத்ததுல நிழல் கீது சார். டாக்டருக்குப் போனதுல இல்ல. நடுவுல உங்க கம்ப்யூட்டர் மட்டுந்தான் கீது.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எங்கள் குழுவில் ஒருவர் தானாகவே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். இத்தனை நாள் இதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று எனக்குள் இருந்த ஆசையும் அப்போதுதான் தெரிந்தது. உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினேன். வட்டைத் திறந்து ஒவ்வொரு ஜோடியாகக் காட்டினேன். இது இந்தத் திருகில், இது அந்தத் திருகில், இங்கே பாருங்கள், விலா எலும்பு அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இருந்தது மட்டும் போய்விட்டது. அவர் படங்களைப் பார்க்கவில்லை. மேலே இருந்த பெயர்களைத்தான் படித்துக்கொண்டிருந்தார். சிலதைப் படிக்கும்போது உதடு அசைந்தது. கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

“இவங்களுக்கெல்லாம் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. அதுதான் சோபியா, பரிசோதனையின் முடிவே.”

அவர் திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “நான் வேலைக்கு வந்துட்டா எம் புள்ளைக்கு செங்கேணி அக்காதான் சோறு ஊட்டும்” என்றார்.

அதற்கு நான், பிள்ளையை அழைத்து வாருங்கள், அன்றைக்குத் திருகைத் தளர்த்தி வைக்கிறேன் என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது வேறு மாதிரி ஒலிக்கிறது என்று தெரிகிறது. சோபியா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையும் எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு அவர் என்னை சார் என்று சொல்லவில்லை. எழுந்து, “அந்த வட்டைக் குடு” என்றார்.

கொடுத்தேன். அப்படியே பிடுங்கினால் உள்ளே இருப்பது கெட்டுவிடும் என்று முறையாக நிறுத்திக் கழற்றி, துண்டில் சுற்றி, அவருடைய ஸ்கூட்டியின் பெட்டிக்குள் நானே வைத்துக் கொடுத்தேன். குலுங்காமல் ஓட்டச் சொன்னேன். அவர் நேராக உங்களிடம்தான் வந்தார். நான் ஓடவில்லை, ஒளியவில்லை, உங்கள் ஆட்கள் வந்தபோது சேட்டுவின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கும் டீ சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இப்போது அந்த வட்டை வைத்து ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அம்முலுவின் குழந்தையும் மருந்தில் இருக்கிறது, தேறிவிடும் என்கிறார்கள், சந்தோஷம். சோபியாவின் பிள்ளைக்கு ஒன்றும் இல்லையாம். சிலர் வெளியூர் செங்கல் சூளைகளுக்குப் போய்விட்டதால் இன்னும் அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் அகப்பட்டதற்கு, நான் முழுப் படங்களைப் பத்திரமாக வைத்திருந்ததுதான் காரணம். வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் இடம் அடைக்கிறது என்று அழித்திருப்பான். இந்தக் கோணத்தையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

டாக்டர் தேவயானி வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். எந்தப் படத்துக்கும் நார்மல் என்று எழுத வரவில்லையாம். இதுதான் எனக்கு உண்மையில் வருத்தம். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் கண் நல்ல கண். அவர் எந்தத் திருகு வரை தாங்கினார் என்று என்னிடம் எண் இருக்கிறது, நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். அதை அவருக்கு யாராவது சொன்னால் தைரியம் வரும். நீங்கள் அனுமதித்தால் நானே எழுதி அனுப்புகிறேன்.

நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. செய்ததை ஒப்புக்கொள்கிறாயா, ஆம், இல்லை என்று சொல் என்றீர்கள். ஆம். திருகை இறுக்கியது நான். யாரிடமும் சொல்லாமல், தெரிந்தே, பல மாதங்கள் செய்தேன். செங்கேணி அக்காவின் படம் வந்த பிறகும் செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மறைத்தேன் என்று எழுதாதீர்கள். ஒன்று இருப்பது ஒருவருக்குத் தெரிந்திருந்தால்தான் அதை மறைத்ததாகச் சொல்ல முடியும். நான் அத்தனை மாதங்கள் கவனமாகச் செய்த பரிசோதனையின் முடிவு ஒரே வரிதான், அதை யார் சரிபார்த்தாலும் மாறாது. செங்கேணி அக்காவின் மார்பில் இருந்த அந்த நிழலை எந்த மனிதக் கண்ணும் பார்க்கவில்லை. நான் ஒருவன்தான் ஒவ்வொரு சாயங்காலமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.